கடைவாயில் அடக்கிய புகையிலை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என்னுடைய கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். பெரிய ற வர வேண்டிய இடத்தில் சின்ன ர வரும். மூன்று ன, ண, ந எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு நான் பேனை பிடித்தது கலியாண வீட்டுக்காரருக்குச் சாமான் துண்டு எழுதிக் கொடுக்க மட்டும்தான். அரிசி, நெய், ஏலம், கறுவா என்ற சொற்களை மட்டும் பிழையில்லாமல் எழுதுவேன்.

ஆட்களுக்கு முன்னால் நின்று கதைக்க எனக்கு ஏலாது. நாலு பேர் சேர்ந்து பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாயால் சொல்ல முடியாததைத்தான் எழுதுகிறேன். எழுதுவதும் வாயைப் பற்றித்தான். என்னுடைய மூத்த சகோதரருக்கு, எங்கள் வழக்கில் காக்கா, வாயில் வந்த நோயைப் பற்றி.

அந்த நோயின் பெயரை எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. 'அந்த வருத்தம்' என்பார்கள். சொல்லிவிட்டு உடனே 'அல்லாட காவல்' என்பார்கள். பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்று ஒரு பயம். எங்கள் வீட்டுக்குப் பெயரைச் சொல்லாமலே வந்தது.

காக்காவும் நானும் விருந்துச் சமையற்காரர்கள். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடலோரத்தில் கலியாணம், கத்தம், கந்தூரி என்று எந்த விருந்து நடந்தாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். வீட்டு வளவுக்குள் கிடங்கு வெட்டி, தென்னங்குற்றிகளை அடுக்கித் தீ மூட்டுவது என்னுடைய வேலை. கிடாரத்துப் பக்கம் காக்கா. கிடாரம் என்பது ஒரு ஆள் உள்ளே உட்காரக்கூடிய பெரிய செம்புச் சட்டி. அதற்குள் அகப்பையை விட்டு ஒரு சொட்டு ஆணத்தை, இறைச்சிக் குழம்பை, உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொள்வார். 'உப்பு' என்பார், அல்லது மிளகாய் போதாவிட்டால் 'கொச்சிக்கா' என்பார். அவ்வளவுதான் பேச்சு. அவர் கேட்டதை நான் அள்ளிக் கொடுப்பேன். எத்தனை வருசம் சமைத்தும் உப்பும் உறைப்பும் பார்க்கிற பொறுப்பை அவர் எனக்குத் தந்ததில்லை. நானும் கேட்டதில்லை. அவருடைய நாக்கை நம்பித்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

அடுப்படியில் நிற்பவனுக்குப் பசி எடுக்காது. புகையும் இறைச்சி மணமும் வயிற்றை நிரப்பிவிடும். ஆனால் வாய் சும்மா இருக்காது. காக்கா சுபஹுத் தொழுதுவிட்டு வந்து தீக்குப் பக்கத்தில் குந்தினால் முதல் வேலை வெற்றிலைதான். வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி, பாக்கை நறுக்கிப் போட்டு, யாழ்ப்பாணத்துப் புகையிலையில் ஒரு துண்டைக் கிள்ளி வைத்து மடித்து வாய்க்குள் தள்ளுவார். வெற்றிலையை மென்று துப்பிவிடுவார். புகையிலையைத் துப்பமாட்டார். அதை நாக்கால் இடது கடைவாய்க்கு ஒதுக்கி அங்கேயே அடக்கி வைத்துக்கொள்வார். கன்னத்தில் ஒரு நெல்லிக்காயை ஒளித்து வைத்த மாதிரி இருக்கும். ஆணம் பார்க்கும்போது மட்டும் வாயைக் கொப்பளிப்பார். பிறகு புதுத் துண்டு. படுக்கும்போதும் அது அங்கேதான் கிடக்கும். நோன்பு மாதத்தில் பகல் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு யாரோடும் கதைக்கமாட்டார். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு கஞ்சி. அடுத்தது புகையிலை.

நானும் வெற்றிலை போட்டவன்தான். புகையிலை எனக்குத் தலையைச் சுற்றும். அதனால் நான் தப்பினேன். அதில் என்னுடைய புத்தி ஒன்றும் இல்லை.

சூறாவளி அடித்து எங்கள் தென்னைகளெல்லாம் தலை முறிந்த பிறகு இரண்டு மூன்று வருசம் எல்லோரும் ஓலைக் கொட்டிலுக்குள்தான் கலியாணம் செய்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு நாள் சாய்ந்தமருதில் ஒரு மீன் முதலாளி வீட்டில் சமைத்தோம். எங்களுடைய விருந்தில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். முதல் பந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் ஒரு கரைவலைக்காரர் கையை நக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"என்ன காக்கா, மாப்பிள்ளைக்குச் சோறு வெச்சீங்களா, நோயாளிக்குப் பத்தியம் வெச்சீங்களா?"

"ஏன்?"

"ஆணத்துல கொச்சிக்கா எங்க? பொண்ணு வீட்டார் ஒளிச்சிட்டாங்களா?"

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "காக்காக்கு வயசு போகுதுடா, பல்லுப் போனவருக்குக் கணக்கா ஆக்கியிரிக்கார்" என்றார்.

காக்கா அகப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். "உங்கட நாக்கெல்லாம் கடல் உப்புல மரத்துப் போச்சிடா. எனக்கு வாய் எரியிது. நீ ஒறப்பில்ல எங்கிறாய்."

நான் ஒரு சொட்டு எடுத்து நக்கினேன். கரைவலைக்காரர் சொன்னது சரி. குழந்தைப்பிள்ளைக்குக் கொடுக்கலாம் போல இருந்தது. ஆனால் காக்காவின் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. அவர் நடிக்கவில்லை. அவருக்கு அது உண்மையாகவே எரிந்தது.

அதற்குப் பிறகு அக்கரைப்பற்றுச் சந்தையில் கொச்சிக்காய் விற்பவரோடு இரண்டு முறை சண்டை பிடித்தார். "எதையோ மருந்த அடிச்சி விக்கிறாய். வாயில வெச்சா நெருப்பு" என்றார். வியாபாரி ஒரு காயைக் கடித்து மென்று காட்டினார். "காக்கா, இது போன வருசத்துக் காயிட தங்கச்சி. பச்சப் பிள்ள" என்றார். காக்கா நம்பவில்லை. ஒவ்வொரு விருந்துக்கும் கொச்சிக்காய் குறைந்துகொண்டே போனது. ஆட்கள் எங்களை விட்டு மருதமுனைச் சமையற்காரரிடம் போகத் தொடங்கினார்கள்.

பிறகு புண் வந்தது. இடது கடைவாயில் வெள்ளையாக, சுண்ணாம்பு பூசின சுவர் மாதிரி ஒரு தழும்பு. அதன் நடுவில் சிவப்பாக ஒரு வெடிப்பு. சுண்ணாம்பால் வாய் வெந்துவிட்டது என்று சிப்பிச் சுண்ணாம்புக்கு மாறினார். வயிற்றுச் சூடு என்று இளநீர் குடித்தார். திருக்கோவில் பக்கத்துப் பரிகாரி ஒருவர் கடுக்காய் இடித்துக் கொப்பளிக்கக் கொடுத்தார். எதற்கும் கேட்கவில்லை. கடைசியில் மதினிதான், அவருடைய மனைவி, காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"இது நாவூறு, தம்பி" என்றார் என்னிடம். "ஊரெல்லாம் உங்கட காக்காட கையையும் வாயையும்தானே புகழ்ந்திச்சி. 'அவர்ர நாக்கு தங்க நாக்கு' என்டு எத்தின பேர் சொன்னாங்க. மறுகா என்ன? நாக்குல சொன்னது நாக்குல பட்டிச்சி."

கண்ணூறு கண்ணால் படுவது. நாவூறு புகழ்கிற வாயால் படுவது. சமையற்காரனுக்கு வாயில் புண் வந்தால் எங்கள் ஊரில் வேறு என்னத்தை நினைப்பார்கள்? எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பள்ளிவாசல் லெப்பை ஒருவர் வந்து பீங்கான் கோப்பையில் குங்குமப்பூ மையால் ஓதி எழுதிக் கொடுத்தார். அதைத் தண்ணீரில் கழுவிக் காக்கா காலையும் மாலையும் குடித்தார். குடித்து முடித்ததும் புகையிலையை எடுத்து அந்தப் புண்ணின் மேலேயே வைத்து அடக்கினார்.

இதைத்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன். பல் நோவுக்குப் புகையிலை வைப்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வைத்தியம். வைத்தால் அந்த இடம் மரத்துப்போகும். காக்காவுக்கும் மரத்தது. "இத வெச்சாத்தான் சுகம்" என்றார். புண் பெரிதாகப் பெரிதாகத் துண்டும் பெரிதானது. எது வாயைத் தின்றதோ அதையே மருந்தென்று அந்தக் காயத்துக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் பக்கத்திலிருந்து நறுக்கிக் கொடுத்தோம்.

வாய் திறப்பது குறையத் தொடங்கியதும் நான் பயந்துவிட்டேன். சோற்றை உருட்டிப் போடுகிற மனிதர் நுள்ளி நுள்ளி உள்ளே தள்ளினார். கொட்டாவி விட்டால் பாதியில் நின்றுவிடும். ஒரு நாள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே பல் டொக்டர் யாழ்ப்பாணத்து இளம் ஆள்.

"எங்கை, ஆவெண்டுங்கோ பாப்பம்."

காக்கா திறந்தார்.

"இன்னும்."

"இவ்வளவுதான் வரும், தொர."

டொக்டர் தன்னுடைய மூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்திக் காட்டினார். "சாதாரண வாய்க்குள்ளை இது மூண்டும் போகவேணும். உங்கட விரலை வைச்சுப் பாருங்கோ." காக்காவுக்கு ஒரு விரல்தான் போனது. டொக்டர் ஒரு சின்னக் கண்ணாடியை விட்டுக் கடைவாயைப் பார்த்தார். பிறகு தாடைக்குக் கீழே கழுத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. ஆனால் குரல் மாறவில்லை.

"புகையிலையை எந்தப் பக்கம் வைக்கிறனீங்கள்?"

காக்கா இடது கன்னத்தைத் தொட்டார்.

"வந்ததும் அங்கைதான். புகையிலையும் சுண்ணாம்பும் ஒரே இடத்திலை வருசக்கணக்கிலை கிடந்தால் தோல் என்ன செய்யும்? முதல் வெள்ளையாத் தடிக்கும். பிறகு எரியும். உறைப்புத் தாங்காது. பிறகு புண், ஆறாத புண். பாக்கு வேறை வாயை உள்ளுக்கை இறுக்கிப்போடும். இது புற்றுநோய், ஐயா. மறைச்சு ஒண்டும் ஆகப்போறதில்லை."

காக்கா முதலில் கேட்ட கேள்வி தன்னுடைய உயிரைப் பற்றி இல்லை. "தொத்துமா, தொர? ஒரே சஹன்ல திண்டா?"

"தொத்தாது. ஆருக்கும் தொத்தாது. கழுத்துக்கு இன்னும் இறங்கேல்லைப் போலை கிடக்கு. அது உங்கட நல்ல காலம். இப்ப கொழும்புக்குப் போனால் வெட்டி எடுக்கலாம். துண்டு தாறன். இந்தக் கிழமையே போங்கோ."

"மூணு மாசம் பொறுக்கலாமா?"

"ஏன், மூண்டு மாசத்திலை என்ன?"

"மகள்ட கலியாணம்."

டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "மகளின்ரை பிள்ளையையும் பாக்க வேணுமெண்டால் முதல் கொழும்புக்குப் போங்கோ. கழுத்துக்கு இறங்கிச்செண்டால் பிறகு எங்கட கையிலை ஒண்டுமில்லை."

திரும்பி வரும்போது பஸ்ஸில் காக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வயலையே பார்த்துக்கொண்டு வந்தார். கதிர் பால் பிடிக்கிற பருவம். இறங்கி நடக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"டொக்டர் சொன்ன பேர நீ கேட்டாய். நான் கேட்டன். மூணாவது ஆள் கேக்கப்படாது."

"மதினிக்கு?"

"உன்ட மதினிக்கு நான் சொல்லுவன். ஊருக்குப் பல்லு வருத்தம்."

"காக்கா, இந்தக் கிழமையே போகச் சொன்னாரே."

"போன பிறகு என்ன சொல்லுவாங்க தெரியுமா? கொழும்புல அந்த ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போறாங்க என்டு தெரியாத ஆக்கள் இல்ல. அந்த வீட்டுல அந்த வருத்தம் இரிக்கி எண்டு மாப்பிள்ள வீட்டுக்கு எட்டினா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் தாய்க்கு மார்பில் கட்டி வந்ததென்று மகளுக்குப் பேசிய கலியாணம் தட்டிப்போனது. அந்தப் பெண் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். பரம்பரைக்கு வரும், இரத்தத்தில் வரும் என்று ஊர் நம்பியது. காக்காவுக்கு ஒரே மகள். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வான். அப்படி வருகிறவன் வீட்டுக்காரருடைய இரத்தத்தை விசாரிக்காமல் வருவானா என்பது காக்காவின் கணக்கு.

மதினிக்குச் சொன்ன அன்று நான் குசினிக்கு வெளியே நின்றேன். உள்ளே அவர் அழுவது கேட்டது. பிறகு அழுகை நின்றது. "கலியாணத்த முன்னுக்கு எடுப்பமா?" என்றார். காக்கா, "முன்னுக்கு எடுத்தா ஏன் எண்டு கேப்பாங்க" என்றார். அதோடு முடிந்தது. நான் உள்ளே போய் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று பிறர் நினைக்கலாம். எங்கள் குடும்பத்தில் தகப்பன் மவுத்தான பிறகு காக்காதான் எங்களுக்கு வாப்பா. அவருக்கு எதிரே கதைத்த ஆள் யாரும் இல்லை.

அந்த மூன்று மாதமும் டொக்டர் எழுதித் தந்த துண்டு கூரை வளையில் செருகிக் கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

கலியாணச் சமையலுக்கு வேறு ஆளைப் பிடிப்போம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "என்ட மகள்ட கலியாணத்துக்கு மருதமுனையான் கிளறுவானா?" என்றார். தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு தானே கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்றார். ஆணம் கொதித்து எண்ணெய் தெளிந்து மேலே வந்தபோது அகப்பையை விட்டு ஒரு சொட்டு எடுத்தார். உள்ளங்கையில் விட்டார். வாய்க்குக் கொண்டுபோனார். கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ பாரு" என்றார்.

நான் அகப்பையை வாங்கிக்கொண்டு அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"பாருடா. என்ட வாய் பொய் சொல்லுது. கொச்சிக்கா எவ்வளவு வேணுமோ போடு. என்னக் கேக்காத."

போட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டேன். பக்கத்தில் நின்ற வெங்காயம் உரிக்கிற பெண்கள், "புகை, புகை" என்று தாங்களாகவே காரணம் சொல்லிக்கொண்டார்கள். அன்று ஆணம் நன்றாக வந்தது. பந்தியில் ஒரு குறையும் வரவில்லை.

பந்தியில் வேறொன்று இருந்தது. பெண்ணின் வாப்பாவும் மாப்பிள்ளையின் வாப்பாவும் ஒரே சஹனில் கை வைக்க வேண்டும். அது எங்கள் வழக்கம். அதைத் தவிர்த்தால் இரண்டு வீட்டுக்கும் பிணக்கு என்று அர்த்தம். காக்கா வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து சம்மந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் ஊற்றுகிற சாட்டில் பின்னால் நின்றேன்.

சம்மந்தி பெரிய உருவம், கலகலப்பான ஆள். அக்கரைப்பற்றில் நெல் வியாபாரம். இறைச்சியில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துக் காக்காவின் பக்கம் நகர்த்தி வைத்தார். மரியாதைக்குரிய ஆளுக்கு அப்படித்தான் வைப்போம்.

"சாப்பிடுங்க சம்மந்தி. ஆக்கினவருக்கே பசி இல்லையா?"

"சாப்பிடுறன், சாப்பிடுறன்."

"அவர் அடுப்படியிலேயே பாதிக் கிடாரத்த முடிச்சிருப்பார்" என்றார் எதிரே இருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள். காக்காவும் சிரித்தார். சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம்தான் போனது.

அந்தத் துண்டை அவர் நாராகக் கிழித்தார். ஒவ்வொரு நாராக விரலால் வலது பக்கம் செருகினார். நான் அள்ளிப் போட்ட கொச்சிக்காய் அது. கழுத்து நரம்பு புடைத்து எழுவதைப் பார்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடிக்குள் இறங்கியது.

"என்ன சம்மந்தி, ஒறப்புக் கூடிப்போச்சா?"

"மகளக் குடுக்கிறன்தானே" என்றார் காக்கா. சம்மந்தி தன்னுடைய இடது கையால் அவருடைய முதுகைத் தட்டிக்கொடுத்தார். சஹன் வெறுமையாகும்வரை காக்கா எழும்பவில்லை.

கலியாணம் முடிந்த கிழமை கொழும்புக்குப் போனோம். போகுமுன் தொழுகைக்கு முகம் கழுவி வுளூச் செய்து தாடியைக் கோதும்போதே கழுத்தில் ஒரு உருண்டை கையில் தட்டுப்பட்டதாம். எனக்குச் சொல்லவில்லை. அங்கே பெரிய டொக்டரின் கை நேரே அது இருக்கிற இடத்துக்கே போனது. தமிழ் கொஞ்சம் தெரிந்த நர்ஸ் ஒருவர் என்னை வெளியே கூப்பிட்டார்.

"முந்தி வந்தா வெட்றது. இப்ப கழுத்து போச்சு. கரண்ட் மட்டும் குடுக்கும்."

கரண்ட் என்பது அங்கே ஒரு பெரிய மெசினுக்குக் கீழே படுக்க வைத்துக் கதிர் பாய்ச்சுவது. இடது பக்கத் தாடி கொட்டியது. தோல் அடுப்பில் காட்டின மாதிரி கறுத்தது. வாய்க்குள் துப்பல் வற்றிப்போனது. தண்ணீர் குடிக்கும்போதும் நோகும்.

அந்த வார்டைப் பற்றி எழுதாமல் விட மனம் வரவில்லை. மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு கொழுந்து பறிக்கிறவர், வடக்கே எங்கேயோ காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்த ஒரு சிங்களக் கமக்காரர், மன்னாரிலிருந்து ஒரு மீன்பிடிக்காரர், எங்களுடைய காக்கா. வேறு வேறு ஊர், வேறு வேறு பாசை, வேறு வேறு வணக்கம். கன்னம் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. ஒருவருக்கு இடது, மற்றவருக்கு வலது. காலையில் ஒருவரையொருவர் பார்த்தால் கதைக்கமாட்டார்கள். வாயை எவ்வளவு திறக்கலாம் என்று விரலை வைத்துக் காட்டுவார்கள். சிங்களக் கமக்காரர் தன்னுடைய வாயைத் தொட்டு "புலத்" என்று சொல்லித் தலையை ஆட்டுவார். அவர்களுடைய பாசையில் வெற்றிலைக்கு அதுதான் பெயர். எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். ஒரு காலையில் அவருடைய கட்டில் வெறுமையாக இருந்தது.

காக்காவை ஊருக்குக் கொண்டுவந்தபோது மழைக்காலம் தொடங்கிவிட்டது. வீட்டை மகளுக்கும் மருமகனுக்கும் கொடுத்தாகிவிட்டது. வழக்கப்படி காக்காவும் மதினியும் பின்வளவில் ஓலைக் குடிலுக்கு மாறியிருந்தார்கள். அங்கேதான் படுத்தார். பேச்சு நின்றுவிட்டது. அரிசிக் கஞ்சியைத் துணியில் வடித்துக் கரண்டியால் ஊற்றுவோம். பாதி உள்ளே போகும், பாதி புண் அரித்துக் கன்னத்தில் விழுந்த துளையால் வெளியே வரும். அந்த மணத்தை எழுத எனக்கு ஏலாது. மதினி சாம்பிராணி போட்டுக்கொண்டே இருப்பார்.

நோய் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். பல்லு வருத்தம் என்ற கதை எப்போதோ செத்துப்போனது. வருகிறவர்கள் பாயில் சுற்றி உட்காருவார்கள். உட்கார்ந்ததும் மதினி வெற்றிலை வட்டாவைக் கொண்டுவந்து நடுவில் வைப்பார். வந்தவருக்கு வட்டா வைக்காவிட்டால் வாசலிலேயே திரும்பிப்போகச் சொன்ன மாதிரி. எல்லோரும் ஒவ்வொன்றாக மடித்துப் போட்டுக்கொள்வார்கள். "எப்படி வந்திச்சி இந்த வருத்தம்?" என்பார்கள். மென்றுகொண்டே கேட்பார்கள். "நாவூறுதான்" என்பார்கள். "கொழும்புல கரண்டு வெச்சதாலதான் துளை விழுந்த" என்பார்கள். சுண்ணாம்பை விரலால் வழித்துப் பல்லில் தடவுவார்கள். காக்கா கண்ணைத் திறந்து அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

ஒரு நாள் எனக்குத் தாங்கவில்லை. வட்டாவைத் தூக்கிக்கொண்டுபோய் விறகுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

"என்ன தம்பி இது?" மதினி வந்து நின்றார். "வாறவங்க வெறும் வாயோட போறதா?"

"மதினி, இதாலதான் அவர் இப்படிக் கிடக்கிறார்."

"தெரியும். எனக்குத் தெரியாதா? நான் என்ன, கண் இல்லாதவளா? அதுக்கு வாறவங்கள அவமானப்படுத்தவா? நாளைக்கு ஜனாஸாவத் தூக்க ஆர் வருவாங்க?"

நான் வட்டாவை எடுத்துக் கொடுக்கவில்லை. இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது.

மூன்றாம் நாள் பகல் சம்மந்தி வந்தார். கலியாணத்துக்குப் பிறகு அவரும் காக்காவும் முகம் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நெல் வேலையாக வெளியூரில் இருந்திருக்கிறார். அவ்வளவு பெரிய மனிதர் குடிலுக்குள் குனிந்து வந்து, பாயில் உட்காராமல் வெறும் மண்ணில் உட்கார்ந்தார். காக்காவின் கையை எடுத்துத் தன்னுடைய மடியில் வைத்துக்கொண்டார்.

"சம்மந்தி, எப்ப தெரியும் உங்களுக்கு?"

காக்கா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். என்னுடைய குரல் எனக்கே கேட்கவில்லை. "கலியாணத்துக்கு முந்தி. மூணு மாசத்துக்கு முந்தி."

"அப்பவே வெட்டியிருக்கலாமா?"

"ஓம். வெட்டலாம் எண்டுதான் சொன்னாங்க."

அவர் காக்காவின் பக்கம் குனிந்தார்.

"என்ட வாப்பாவும் இதுலதான் மவுத்தானவர், சம்மந்தி. இதே கன்னம். நான்தான் கஞ்சி ஊத்தினன். எங்கட வீட்டுல இதச் சொல்ல வெக்கப்பட்டா ஆருக்கிட்ட சொல்லுவீங்க? நீங்க சொல்லியிருந்தா நானே கூட்டிக்கிட்டுப் போயிருப்பன். கலியாணத்த வந்த பிறகு செஞ்சிருக்கலாமே."

காக்கா கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணின் ஓரத்தில் நனைந்தது. மதினி குடிலின் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே குந்தினார். தலையில் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். நாங்கள் எதற்குப் பயந்தோமோ அது அந்த வீட்டில் இருந்ததே இல்லை. அவர்களும் எங்களைப் போலவே பெயரைச் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். அதுதான் நடந்தது.

கொஞ்ச நேரத்தில் கட்டில் சட்டத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. காக்கா விரல் மொளியால் தட்டிக்கொண்டிருந்தார். சம்மந்திக்கு முன்னால் இருந்த வெறும் தரையைக் காட்டினார். மறுபடி என்னைக் காட்டினார். எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி நின்றேன். அவர் இன்னும் பலமாகத் தட்டினார். முகம் முழுக்கக் கோபம். மகளைக் கொடுத்த இடத்து மனிதர் தன்னுடைய குடிலில் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதைக் காக்காவால் பொறுக்க முடியவில்லை.

நான் போய் விறகுக்குப் பின்னாலிருந்து வட்டாவை எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தேன்.

சம்மந்தி வட்டாவைப் பார்த்தார். காக்காவைப் பார்த்தார். கை நீட்டாமல் எவ்வளவு நேரம் இருந்தாரோ தெரியாது. காக்கா கண்ணெடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சம்மந்தி ஒரு சின்ன வெற்றிலையாகப் பார்த்து எடுத்தார். காம்பைக் கிள்ளினார். சுண்ணாம்பைத் தொட்டார். பாக்கை வைத்து மடித்தார். புகையிலையைத் தொடவில்லை. வாயில் போட்டு மெதுவாக மென்றார். மெல்ல மெல்ல அவருக்கும் கண் நிறைந்தது. காக்காவின் முகத்தில் கோபம் தணிந்தது. தட்டுவதை நிறுத்திக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

அந்த மாதம் பிறை முடியுமுன் காக்கா மவுத்தானார். ஜனாஸாவுக்கு ஊரே வந்தது. மதினி பயந்தது போல நடக்கவில்லை.

எனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டேன். வாயில் வெள்ளைத் தழும்பு, உறைப்புத் தாங்காத எரிவு, ஆறாத புண், திறக்க மறுக்கிற வாய், கழுத்தில் உருண்டை. இந்த ஒழுங்கில்தான் காக்காவுக்கு வந்தது. உருண்டை வருமுன் போனவர்கள் சிலர் பிழைத்து வந்ததையும் அந்த வார்டில் பார்த்தேன். படித்தவர்கள் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பெயரைச் சொல்லிவிடுங்கள். சம்மந்தி வீட்டில்தான் முதலில் சொல்லுங்கள்.

காக்காவின் மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். மூத்தவன் என்னிடம், "மூத்தவாப்பா எதுல மவுத்தானவர்?" என்று போன கிழமை கேட்டான். வாயால் சொல்ல வரவில்லை. அதனால்தான் இவ்வளவும்.

1988ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.